உடல் பெருத்த மன்னரும் குர்துபாவின் மருத்துவரும்

கி.பி. 958ஆம் ஆண்டளவில், அந்தலூஸின் தலைநகரான குர்துபா அதுவரை கண்டிராத விருந்தினர் கூட்டம் ஒன்றை வரவேற்றது. வடக்கே பம்ப்லோனாவைத் தலைநகராகக் கொண்ட கிறிஸ்தவ நாட்டின் முதிய அரசி தோடா, அவருடைய மகனான மன்னர் கார்ஸியா, பேரர் சாஞ்சோ ஆகியோர் தம் பிரபுக்களும் பாதிரியார்களும் சூழ நகருக்குள் வந்தனர். அவர்களை வரவேற்ற கலீஃபா மூன்றாம் அப்துர் ரஹ்மானோடு இதே அரசியின் படைகள் பலமுறை போர்க்களத்தில் மோதியிருந்தன. இப்போது அவர்கள் போருக்கு வரவில்லை. மருத்துவம் நாடி வந்திருந்தனர். நோயாளி, பேரர் சாஞ்சோ. லியோன் நாட்டின் மன்னராக இருந்து அரியணையை இழந்தவர். நோய், உடற்பருமன்.

வரலாற்று நூல்கள் பலவற்றில் இந்நிகழ்ச்சி ஒரு வேடிக்கைக் கதையாகவே இடம்பெற்றிருக்கிறது. தின்று கொழுத்த மன்னர் ஒருவர் குதிரை ஏற முடியாமல் நாட்டை இழந்தார் என்று சிரித்துவிட்டு நகர்ந்துவிடுகின்றனர். எனக்கு இதில் சிரிப்பதற்கு அதிகம் இருப்பதாகத் தோன்றவில்லை. ஒரு மனிதரின் சொந்த நாடு எதைக் கேலிக்குரிய குறையாகக் கண்டதோ, அதைக் குர்துபா தீர்க்கத்தக்க நோயாகக் கண்டது என்பதே இக்கதையின் உள்ளீடு. அதனால்தான் இதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

சாஞ்சோ 956ஆம் ஆண்டில், தம் மாற்றாந்தாய்ச் சகோதரர் மூன்றாம் ஒர்தோன்யோ இறந்த பிறகு லியோனின் அரியணை ஏறினார். அக்காலத்து மன்னருக்கு முதல் தகுதி, படைக்கு முன்னே குதிரையில் செல்வது. சாஞ்சோவால் அது இயலவில்லை. நடப்பதற்குக்கூட ஒருவர் தோள்மீது சாய வேண்டியிருந்தது என்பர். காஸ்டில் பகுதியின் கோமகன் ஃபெர்னான் கொன்ஸாலெஸ் தலைமையில் பிரபுக்கள் திரண்டு, இரண்டே ஆண்டுகளில் அவரை நீக்கிவிட்டு அவருடைய உறவினரான நான்காம் ஒர்தோன்யோவை அரியணையில் அமர்த்தினர். அரசியல் சூழ்ச்சிக்குக் காரணங்கள் பல இருந்திருக்கும். ஆனால் உடல் பருமன் ஒரு வசதியான சாக்காக அமைந்தது. சாஞ்சோ பாட்டி தோடாவிடம் அடைக்கலம் புகுந்தார்.

பாட்டி சாதாரணமானவர் அல்லர். தம் மகன் சிறுவனாக இருந்தபோது நாட்டை ஆண்டவர். மேலும் ஓர் உறவும் இருந்தது. தோடாவின் தாய் ஓனெகா முன்னர் குர்துபாவில் அமீர் அப்துல்லாஹ்வின் மனைவியாக இருந்தவர். அவ்வழியில் பிறந்த முஹம்மதின் மகனே கலீஃபா மூன்றாம் அப்துர் ரஹ்மான். அதாவது, பம்ப்லோனாவின் அரசி குர்துபாவின் கலீஃபாவுக்கு அத்தை முறை. ஆனால் உறவைவிடப் பகை பெரிதாக இருந்தது. 939ஆம் ஆண்டில் சிமான்காஸ் அருகே நடந்த போரில், சாஞ்சோவின் தந்தையான இரண்டாம் ரமீரோ கலீஃபாவின் படையை முறியடித்தார். அந்தத் தோல்விக்குப் பின் அப்துர் ரஹ்மான் தாமே படை நடத்திச் சென்றதில்லை. அந்த ரமீரோவின் மகனுக்குத்தான் இப்போது மருத்துவம் தேவைப்பட்டது.

தோடா மருத்துவர் வேண்டுமென்று கேட்டபோது, கலீஃபா அனுப்பியவர் ஹஸ்தாய் இப்னு ஷப்ரூத். ஜயான் ஊரில் வேர்கொண்ட யூதக் குடும்பத்தைச் சேர்ந்தவர். அரசவை மருத்துவர், அரபு, எபிரேயம், இலத்தீன் ஆகிய மொழிகள் அறிந்தவர், தூதுப் பணியில் கைதேர்ந்தவர். அவர் பம்ப்லோனா சென்று நோயாளியைக் கண்டார். சிகிச்சைக்கு உறுதி அளித்தார். ஆனால் நோயாளி குர்துபாவுக்கு வர வேண்டும், நாடு திரும்பக் கிடைத்ததும் பத்துக் கோட்டைகளைக் கலீஃபாவுக்கு ஒப்படைக்க வேண்டும் என்றும் கூறினார். மருத்துவமும் அரசியலும் ஒரே பேச்சில் முடிந்தன. இதில் கலீஃபாவின் ஆதாயம் வெளிப்படையானது. அதை மறைத்து இக்கதையை வெறும் கருணைக் கதையாகச் சொல்வது நேர்மையாகாது.

ஹஸ்தாயின் மருத்துவ அறிவு எத்தகையது என்பதற்கு நல்ல சான்று உண்டு. பைஸாந்தியப் பேரரசர், மூலிகைகளைப் பற்றிய தியோஸ்கோரிதெஸின் கிரேக்க நூலின் அழகிய பிரதி ஒன்றைக் கலீஃபாவுக்கு அனுப்பியிருந்தார். குர்துபாவில் அந்தக் கிரேக்கத்தைப் படிக்கக்கூடியவர் இல்லை. பின்னர் 951இல் நிக்கோலாஸ் என்ற துறவி கான்ஸ்டான்டினோபிளிலிருந்து வந்து சேர்ந்தார். அவரும் ஹஸ்தாயும் முஸ்லிம் மருத்துவர்களும் ஒன்றாக அமர்ந்து, ஒவ்வொரு கிரேக்கப் பெயருக்கும் உரிய செடி எது என்று தேடி அடையாளம் கண்டனர். அச்செய்தியை, பின்னாளில் அந்நகரில் வாழ்ந்த மருத்துவ வரலாற்றாசிரியர் இப்னு ஜுல்ஜுல் பதிவுசெய்திருக்கிறார். கிறிஸ்தவத் துறவி, யூத மருத்துவர், முஸ்லிம் அறிஞர்கள் மூவரும் ஒரே நூலின்மேல் குனிந்திருந்த காலம் அது.

இனி, சிகிச்சைக்கு வருவோம். இணையத்தில் தேடினால் பல விவரங்கள் கிடைக்கும்: சாஞ்சோ இருநூற்று நாற்பது கிலோ இருந்தார், நாளொன்றுக்கு ஏழு வேளை உண்டார், அவருடைய உதடுகளைத் தைத்து நாற்பது நாள் நீராகாரம் மட்டும் கொடுத்தனர் என்றெல்லாம். இவை பின்வந்தோர் ஏற்றிய அணிகலன்கள். அக்காலத்தில் அவரை எவரும் நிறுத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. காலத்தால் நெருங்கிய வடநாட்டுச் சான்று அஸ்தோர்கா நகர ஆயர் சாம்பீரோவின் குறிப்பு. அது மிகச் சுருக்கமானது: முஸ்லிம்கள் ஒரு மூலிகையைக் கொண்டுவந்து, அவருடைய வயிற்றின் பருமனை நீக்கினர் என்ற அளவிலேயே அது நிற்கிறது.

ஆனால் ஒரு மூலிகை மட்டும் இதைச் செய்திருக்காது. அக்கால அரபு மருத்துவர்கள் உடற்பருமனை எவ்வாறு அணுகினர் என்பதை அவர்களுடைய நூல்கள் காட்டுகின்றன. குர்துபாவில் என்ன நடந்திருக்கக்கூடும் என்பதையும் அவற்றிலிருந்தே ஊகிக்கலாம். 925இல் மறைந்த அர்ராஸீயின் குறிப்புகளை அவருக்குப் பின் மாணவர்கள் தொகுத்த ‘அல்ஹாவீ’ என்ற பெருநூலில், முன்னோர் கருத்துகளோடு நோயாளிகளைப் பற்றிய அவருடைய நேரடி அவதானிப்புகளும் உள்ளன. அளவுமீறிப் பருத்தவர்களுக்கு உணவு ஒழுங்கு, உடற்பயிற்சி, பிடித்துவிடுதல், நீராட்டு, மருந்து ஆகிய ஐந்தையும் சேர்த்தே அவர் பரிந்துரைத்தார்.

சாஞ்சோ குர்துபாவை விட்டுச் சென்று ஒரு தலைமுறைக்குள் பிறந்த இப்னு ஸீனா (980–1037), ‘அல்கானூன்’ நூலில் இதற்குத் தனி இடம் ஒதுக்கினார். மிகைப்பருமன் மனிதனின் அசைவுக்கு விலங்கிடுகிறது. இரத்த நாளங்களை நெருக்குகிறது. மூச்சைத் திணறச் செய்கிறது. திடீர் மரணத்துக்கு வழிவகுக்கிறது. பிள்ளைப்பேற்றைக் குறைக்கிறது என்று அவர் எழுதினார். சிகிச்சையாக அவர் சொன்னவற்றைப் பாருங்கள்: பருமன் அதிகமாகவும் ஊட்டம் குறைவாகவும் உள்ள உணவு, உணவு இரைப்பையிலும் குடலிலும் நெடுநேரம் தங்காமல் விரைந்து கீழிறங்கச் செய்தல், உண்பதற்கு முன்பே நீராட்டு, கடும் உடற்பயிற்சி. முதலாவதை இன்றைய உணவியலாளர் நார்ச்சத்து மிகுந்த காய்கறி என்பார். இரண்டாவதை, குடல் முழுதாக உறிஞ்சவிடாமல் தடுக்கும் உத்தி என்பார். உடலின் ஈரமும் குளிர்ச்சியும் மிகுவதால் கொழுப்புச் சேர்கிறது என்ற அவருடைய விளக்கத்தை நாம் இன்று ஏற்பதில்லை. நோயைக் கண்ட கண் மட்டும் சரியாகவே கண்டிருக்கிறது. இயல்பாகவே மிகப் பருத்தவர்கள் மெலிந்தவர்களைவிடத் திடீரென இறப்பதற்கு வாய்ப்பு அதிகம் என்று கிரேக்க ஹிப்போகிராத்தெஸ் மரபும் அதற்கு முன்பே சொல்லியிருந்தது.

குர்துபாவிலேயே, சாஞ்சோ வந்திருந்த காலத்தில் ஏறக்குறைய இருபது வயது இளைஞராக இருந்த அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவீயும் நினைவுக்கு வருகிறார். அறுவை மருத்துவத்தின் தந்தை எனப் போற்றப்படும் அவர், சில ஆண்களுக்கு மார்பு பெண்களுடையதைப் போலப் பருத்துத் தொங்குவதையும், அதை எவ்வாறு அறுத்துக் கொழுப்பை அகற்றித் தைப்பது என்பதையும் தம் நூலில் விளக்கியிருக்கிறார். உயிருக்கு ஆபத்தில்லாத, ஆனால் மனிதனைக் கூனிக் குறுகவைக்கும் ஒரு குறைக்கு அவர் அறுவைக்கத்தியை எடுத்தார் என்பதே என்னைக் கவர்ந்தது.

சாஞ்சோ மெலிந்தார். 959இல் கலீஃபாவின் படை துணைவர ஸமோராவைக் கைப்பற்றினார். 960இல் லியோனுக்குள் மன்னராகத் திரும்பினார். ஒர்தோன்யோ ஓடிப்போனார்; பின்னர் அவரும் உதவி கேட்டுக் குர்துபாவுக்கே வந்து, அங்கேயே இறந்தார். 961இல் அப்துர் ரஹ்மான் காலமானதும், சாஞ்சோ கோட்டைகளைத் தருவதில் தயக்கம் காட்டினார். கலீஃபா இரண்டாம் ஹகம் படையெடுத்துத்தான் அவரைப் பணியவைக்க வேண்டியிருந்தது. 966இல் சாஞ்சோ இறந்தார். நஞ்சு கலந்த ஆப்பிளை உண்டு இறந்தார் என்பது மரபு. ஸ்பானிய வரலாற்றில் அவருடைய பெயர் இன்றும் ‘பருத்த சாஞ்சோ’ என்றே இருக்கிறது. உடல் குறைந்த பிறகு ஆறு ஆண்டுகள் வாழ்ந்தும் பட்டப்பெயர் அவரை விட்டுப் போகவில்லை.

பட்டப்பெயர் என்றதும் நம் வீடுகள் நினைவுக்கு வருகின்றன. எங்கள் குடும்பத்தில் ஒரு பெண்பிள்ளை பதினான்கு வயதிலிருந்து பெருக்கத் தொடங்கினாள். கல்யாண வீட்டில் அமர்ந்தால், “எந்தக் கடையில் அரிசி வாங்குகிறீர்கள்?” என்று யாராவது ஒரு பெரியம்மா கேட்பார். எல்லோரும் சிரிப்பார்கள், அவளும் சிரிப்பாள். பிறகு கல்யாண வீடுகளுக்கு வருவதையே நிறுத்திக்கொண்டாள். மாதவிலக்கு ஒழுங்காக வராததைச் சொல்ல வெட்கப்பட்டு ஐந்து ஆண்டுகள் மறைத்திருக்கிறாள். சினைப்பையில் நீர்க்கட்டிக் கோளாறு என்று மருத்துவர் கண்டறிந்தபோது, இரத்தச் சர்க்கரையும் ஏறத் தொடங்கியிருந்தது. அவளைச் சோம்பேறி என்றவர்களில் நானும் ஒருவன்.

நபி (ஸல்) அவர்களின் இல்லத்தில் நடந்த நிகழ்ச்சி ஒன்று ஹதீஸ் நூல்களில் உள்ளது. ஒரு பயணத்தில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் நபியவர்களோடு ஓட்டப் பந்தயம் ஓடி வென்றார்கள். பின்னாளில் அன்னையாருக்கு உடல் சதை போட்டிருந்த வேளையில் மீண்டும் ஓடினார்கள். அப்போது நபியவர்கள் வென்றார்கள். அந்த வெற்றி முந்தைய தோல்விக்கு ஈடு என்று அன்போடு கூறினார்கள். உடல் பெருத்ததை அன்னையாரே தயக்கமின்றி எடுத்துச் சொல்கிறார்கள். அந்த வீட்டில் அதைச் சொல்ல வெட்கப்பட வேண்டிய நிலை இருக்கவில்லை.

ஐரோப்பாவில் உடற்பருமன் வெட்கத்திலிருந்து வெளிவர மேலும் ஒன்பது நூற்றாண்டுகள் ஆயின. 1863இல் இலண்டனில் வில்லியம் பான்டிங் என்ற, சவப்பெட்டி செய்து அடக்கச் சடங்குகளை நடத்தும் தொழில் செய்த பெரியவர், தம் செலவில் ஒரு சிறு நூல் வெளியிட்டார். ஐந்தடி ஐந்தங்குல உயரமுள்ள அவர் 202 பவுண்டு எடை இருந்தார். குனிந்து காலணிக் கயிற்றைக் கட்ட முடியாது. படிக்கட்டில் பின்புறமாகத்தான் இறங்குவார். பொதுவிடங்களிலும் வண்டிகளிலும் மக்கள் வீசும் கேலிச்சொற்கள் தம்மை எவ்வளவு வருத்தின என்று அவர் மனம் திறந்து எழுதினார். படகு வலிக்கச் சொன்ன மருத்துவரின் பேச்சைக் கேட்டு வலித்ததில் பசிதான் கூடியது. இறுதியில், காது மந்தத்துக்காக அவர் பார்க்கச் சென்ற வில்லியம் ஹார்வி என்ற மருத்துவர், ரொட்டி, சர்க்கரை, உருளைக்கிழங்கு, பீர் ஆகியவற்றை நிறுத்தச் சொன்னார். ஓர் ஆண்டில் 46 பவுண்டு குறைந்தது. நூல் பல பதிப்புகள் கண்டது. சுவீடிஷ் மொழியில் உணவுக்கட்டுப்பாடு இருப்பதற்கு இன்றுவரை அவர் பெயரிலிருந்து பிறந்த சொல்லே வழங்குகிறது.

எடையை அளக்கும் கருவியும் அந்நூற்றாண்டில்தான் உருவானது. பெல்ஜிய அறிஞர் கெத்லே, வளர்ந்தவர்களின் எடை அவர்களுடைய உயரத்தின் வர்க்கத்தோடு ஒத்து அமைவதைக் கண்டார். அதுவே 1972இல் ஆன்செல் கீஸ் என்ற அமெரிக்கரால் உடல் நிறைக் குறியீட்டெண் என்று பெயர் பெற்றது. கிலோவில் எடையை மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். 160 செ.மீ. உயரமும் 64 கிலோ எடையும் உள்ளவருக்கு இது 25. உலக அளவில் 30ஐத் தாண்டினால் உடற்பருமன் என்பர். தெற்காசிய உடல்வாகில் கொழுப்பு வயிற்றுக்குள் எளிதில் சேர்வதால், இந்திய மருத்துவர்கள் 2009இல் 25ஐயே வரம்பாக வகுத்தனர். இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. என்பது அவர்கள் வைத்த எச்சரிக்கைக் கோடு.

அதன்பின் மருந்துகளின் வரலாறு பெரும்பாலும் துயர வரலாறு. முதல் உலகப்போரில் பிரான்சின் வெடிமருந்து ஆலைகளில் வேலை செய்தோர் இளைப்பதைக் கண்டு, அந்த வெடிமருந்து வேதிப்பொருளையே 1933 முதல் அமெரிக்காவில் எடை குறைக்கும் மாத்திரையாக விற்றனர். கண்புரையும் உயிரிழப்பும் நேர்ந்தபின் 1938இல் அது நின்றது. ஊக்க மாத்திரைகள் வந்தன. பழக்க அடிமைகளை உருவாக்கின. ஃபென்ஃப்ளூரமின் வந்தது, இதய வால்வுகளைக் கெடுத்ததால் 1997இல் திரும்பப் பெறப்பட்டது. பருத்தவர் எதை விழுங்கக் கொடுத்தாலும் விழுங்குவார் என்ற துணிவுக்குப் பின்னால், அவரை நோயாளியாக மதிக்காத மனநிலை இருந்தது என்பது என் எண்ணம்.

திருப்பம், ஓர் எலியிலிருந்து தொடங்கியது. 1949இல் அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வகத்தில், கூடப்பிறந்தவற்றைவிடப் பன்மடங்கு பருத்த எலி ஒன்று பிறந்தது. ஓயாமல் தின்றது. டக்ளஸ் கோல்மன் என்ற ஆய்வாளர், அத்தகைய எலியின் இரத்த ஓட்டத்தை இயல்பான எலியோடு இணைத்தபோது அது தின்பதைக் குறைத்தது. அதன் உடலில் இல்லாத ஏதோ ஒன்று மற்றதன் இரத்தத்தில் இருந்தது. அது என்ன என்று 1994இல் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு கண்டறிந்தது: கொழுப்புத் திசுவே சுரக்கும் லெப்டின் என்ற ஹார்மோன். கையிருப்பு போதும் என்று மூளைக்குச் சொல்லியனுப்பும் செய்தி அது.

மூன்று ஆண்டுகளில் அது மனிதரிடமும் தெரியவந்தது. இங்கிலாந்தில் வாழ்ந்த, பாகிஸ்தான் வம்சாவளியினரான ஒரு முஸ்லிம் குடும்பத்தில், நெருங்கிய உறவுத் திருமணங்கள் தலைமுறைகளாகத் தொடர்ந்து வந்தன. அக்குடும்பத்தின் இரு பிள்ளைகள், ஒன்றுவிட்ட உறவினர், கேம்பிரிட்ஜ் மருத்துவர்களிடம் வந்தனர். எட்டு வயதுச் சிறுமியின் எடை 86 கிலோ. இரண்டு வயதுச் சிறுவனின் எடை 29 கிலோ. சிறுமியின் கால்கள் பாரத்தால் வளைந்து அறுவை சிகிச்சை செய்ய வேண்டியிருந்தது. பிறந்ததிலிருந்து இருவருக்கும் தீராப் பசி. சோதித்தபோது, எலியிடம் இல்லாத அதே லெப்டின் இவர்களிடமும் இல்லை. தாய், தந்தை இருவரிடமிருந்தும் ஒரே பழுதான மரபணு வந்து சேர்ந்திருந்தது. ஸ்டீவன் ஓ’ரஹிலியும் ஸதஃப் ஃபாரூகியும் நடத்திய சிகிச்சையில், அச்சிறுமிக்கு நாள்தோறும் லெப்டின் ஊசி போடப்பட்டது. ஓராண்டில் 16 கிலோவுக்கு மேல் குறைந்தது. பெரும்பசி அடங்கியது. பிள்ளையை அளவில்லாமல் ஊட்டிக் கெடுத்தவர்கள் என்ற பழி அதுவரை யார்மீது விழுந்திருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இத்தகைய முழுக் குறை மிக அரிது. லெப்டின் ஊசி மற்றவர்களுக்குப் பெரிதாக உதவுவதில்லை. ஆயினும், பசி என்பது வெறும் மன உறுதியின் விஷயமன்று என்பதை அச்சிறுமி உலகுக்குக் காட்டினாள். அதற்கு முன்பே 1986இல் டென்மார்க்கில் வெளியான ஆய்வு ஒன்று, தத்துக் கொடுக்கப்பட்ட 540 பேரை ஆராய்ந்து, அவர்களுடைய உடல்வாகு வளர்த்த பெற்றோரை ஒத்திருக்கவில்லை, பெற்றவர்களையே ஒத்திருந்தது என்று காட்டியிருந்தது. தைராய்டு, ஸ்டீராய்டு மருந்துகள், மனநோய்க்கான சில மாத்திரைகள், தூக்கக் குறைவு ஆகியவையும் எடையைக் கூட்டும்.

மரபணு ஒரு தலைமுறையில் மாறாது. ஆனால் நம் ஊர்கள் ஒரு தலைமுறையில் மாறிவிட்டன. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 2015-16இல் பெண்களில் 30.9 விழுக்காட்டினர் மிகை எடை அல்லது உடற்பருமன் உடையவர்கள்; 2019-21இல் அது 40.4 ஆயிற்று. ஆண்களில் 28.2 என்பது 37 ஆயிற்று. நடந்து சென்ற கடைத்தெருவுக்கு இருசக்கர வண்டி, வாரம் ஒருமுறை என்றிருந்த பிரியாணி நினைத்தபோதெல்லாம் கைப்பேசி வழியே, ஒவ்வொரு விருந்தாளிக்கும் சர்க்கரை மிகுந்த பானம். இஃப்தாரில் ஒரு கோப்பை நோன்புக் கஞ்சியும் பேரீச்சம்பழமும் போதுமென்றிருந்த மேசையில், இன்று சமோசாவும் கட்லட்டும் ரோஸ்மில்க்கும் இரவெல்லாம் அணிவகுக்கின்றன. வயிற்றில் மூன்றில் ஒரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு நீருக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு என்ற நபிமொழியை அறியாத வீடு நம்மிடையே இல்லை. அதைச் சமைப்பவர் மேல் சுமத்துவதா, பரிமாறுபவர் மேலா, உண்பவர் மேலா என்பதில்தான் குழப்பம். ஒரே ஸஹனைச் சுற்றி நால்வர் அமர்ந்து உண்ணும் வழக்கத்தில், அடுத்தவர் பங்கை நினைத்துக் கை தானே மெதுவாகும். தனித் தட்டில், “இன்னும் கொஞ்சம்” என்ற உபசரிப்பை மறுத்தால் கோபித்துக்கொள்வோம்.

ஏன் குறைத்த எடை திரும்புகிறது என்பதற்கும் விடை உண்டு. இரண்டாம் உலகப்போரின் இறுதியில் மின்னசோட்டாவில் 36 இளைஞர்கள் தாமாக முன்வந்து ஆறு மாதங்கள் அரைப்பட்டினி கிடந்தனர். ஆய்வை நடத்தியவர், மேலே குறிப்பிட்ட அதே ஆன்செல் கீஸ். உடல் எடையில் ஏறக்குறைய கால்பங்கு போயிற்று. அவர்கள் சமையல் நூல்களைப் படித்தனர், உணவைப் பற்றியே கனவு கண்டனர். உடல் சூட்டைக் குறைத்தது; அசைவைக் குறைத்தது. பிறகு உணவு தாராளமாகக் கிடைத்தபோதும் பசி அடங்கவில்லை. உடல், தான் இழந்ததை மீட்கப் போராடும். பருத்தவர் பத்துக் கிலோ குறைத்துவிட்டுப் பன்னிரண்டு கிலோ ஏறுவது கோழைத்தனத்தால் அன்று. உள்ளே நடக்கும் இந்த இழுபறியால்தான்.

இந்த இழுபறியில் குறுக்கிடும் சிகிச்சைகள் இன்று உள்ளன. 1966இல் எட்வர்டு மேசன் தொடங்கிய இரைப்பை மாற்று வழி அறுவை சிகிச்சை, தீவிர பருமன் உடையோரின் ஆயுளைக் கூட்டுவதாக 2007இல் வெளியான சுவீடன் ஆய்வு காட்டியது. ஹீலா என்ற அமெரிக்கப் பாலைவனப் பல்லியின் உமிழ்நீரில், 1990களின் தொடக்கத்தில் ஜான் எங் என்ற மருத்துவர் கண்டெடுத்த ஒரு பொருள், நம் குடலே உண்டபின் சுரக்கும் ஹார்மோனைப் போலச் செயல்படுவது தெரிந்தது. அந்த வழியில் முதலில் நீரிழிவுக்கு மருந்து வந்தது. அவ்வகையைச் சேர்ந்த செமாக்ளூடைட் 2021இல் எடை குறைப்புக்காக அமெரிக்காவில் அனுமதி பெற்றது. வாரம் ஒரு ஊசி. 68 வாரங்களில் சராசரியாக எடையில் 15 விழுக்காடு குறைந்தது. குமட்டல், வாந்தி, மலச்சிக்கல் பலருக்கு உண்டு. நிறுத்திய ஓராண்டில், குறைந்ததில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது.

ஆகவே இந்த ஊசியைத் தொடங்கும் முன் மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் சில உள்ளன. எவ்வளவு காலம் போட வேண்டியிருக்கும்? செலவை அத்தனை காலம் தாங்க முடியுமா? கணையம், பித்தப்பை, குடும்பத்தில் தைராய்டுப் புற்றுநோய் ஆகியவற்றின் வரலாறு உண்டா? பெண்ணாயின் கருவுறும் எண்ணம் உண்டா? நீரிழிவு மாத்திரையோடு இதையும் எடுப்பவர் ரமளானில் நோன்பு நோற்பதாயின், மாதம் தொடங்குவதற்குச் சில வாரங்கள் முன்னரே அளவை மாற்றிக்கொள்ள வேண்டும். நண்பர் போட்டார், மருந்துக்கடையில் கிடைத்தது என்று வாங்குவது கூடாது. அக்குடும்பத்துப் பெண்பிள்ளைக்கு, இப்போது பெண் மருத்துவர் ஒருவர் மாத்திரையோடு காலை நடையையும், நாங்கள் எல்லோரும் உண்ணும் அதே உணவில் சோற்றைக் குறைத்துக் கீரையையும் பயறையும் கூட்டுவதையும் சொல்லியிருக்கிறார். அவளுக்கென்று தனித் தட்டு வைக்கவில்லை; வீட்டுத் தட்டையே மாற்றினோம். எட்டு மாதங்களில் ஆறு கிலோ குறைந்திருக்கிறது. சென்ற மாதம் அவளுடைய மாமன் மகள் நிக்காஹ்வுக்கு அவள் வந்திருந்தாள்.